எம்மட்ராய்டு ஆடம்

ஸ்கார்டனில் நின்று "ஆடம்" என்று குரல் கொடுத்தால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வட இங்கிலாந்தில், கால்டர் ஆற்றின் மேல்பள்ளத்தாக்கில், மலைக்கும் ஓடைக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன ஊருக்கு நான்கு ஆடம் அதிகம்தான். ஆனால் பிள்ளையை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப் போகிற ஞானத்தகப்பன் தன் பெயரையே வைத்துவிட்டு வந்தால் வேறென்ன ஆகும்? மூன்றாம் எட்வர்ட் பட்டத்துக்கு வந்த புதிது அது. அரசர்களே அப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்காவது முதலாமவர், இரண்டாமவர் என்று எண் போட ஆள் இருந்தது. உழவனுக்கு யார் எண் போடுவது?

ஊரே ஒரு வழி செய்துகொண்டது. இரும்படிக்கிறவன் கொல்லன் ஆடம். ஓடைக்கரையில் பிரபுவின் மாவு மில்லைப் பார்த்துக்கொண்டவன் மில்கார ஆடம். மூன்றாமவனுக்குச் சொல்லிக்கொள்ளத் தொழில் இல்லை, ஆனால் அவன் அப்பாவைத் தெரியாதவர் கிடையாது. அதனால் அவன் ரிச்சர்ட் மகன் ஆடம்.

நான்காமவனுக்கு வாய்த்தது ஹைஹை ஆடம்.

அவன் பிரபுவின் ஏர்மாடுகளை ஓட்டுகிறவன். அகன்ற தோள், மெதுவான பேச்சு, யாரையும் கடிந்து பேசத் தெரியாத வாய். இருபது வயதில், வசந்த உழவு நடந்துகொண்டிருந்த ஒரு வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்தவன் தூணில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டான். பிரசங்கத்தில் சாமியார் நரகத்தைப் பற்றிப் பேசிப் பேசிச் சூடேறி, "திரும்புங்கள், மனந்திரும்புங்கள்" என்று தூணே அதிரக் கத்தினார். தூக்கத்தில் இருந்தவனுக்கு வயல்கோடி வந்துவிட்டது போலிருந்தது. "ஹை, ஹை. ப்ராக், திரும்புடா, வரப்பு வந்துருச்சு" என்றான், மலை கேட்கிற குரலில். ப்ராக் என்பது அவனுடைய வலத்தை மாடு. சாமியாருக்கே சிரிப்பு தாங்கவில்லை. பிரசங்கம் அத்தோடு முடிந்தது. அன்றிலிருந்து அவன் ஹைஹை.

முதலில் அவனும் சேர்ந்து சிரித்தான். பத்து ஆண்டு போனபிறகு சிரிப்பது சிரமமாக இருந்தது. அடுத்த ஊரில் ஒரு பெண்ணைக் கேட்டுப் போனபோது அவள் அப்பா நல்லவிதமாகவே சொன்னார்: "தம்பி, உன்மேல ஒரு குறையும் இல்ல. ஆனா என் பேரப்பிள்ளைங்களைப் பாத்து ஊரே ஹைஹைன்னா எனக்கு வயிறு எரியும்." அதற்குப் பிறகு அவன் எங்கும் பெண் கேட்டுப் போகவில்லை. மாடுகளோடு பேசிக்கொண்டு காலத்தைத் தள்ளினான்.

பிரபுவின் சபை கூடிய ஓர் இலையுதிர்கால நாளில், யாருடைய பன்றிகளோ பிரபுவின் ஓட்ஸ் வயலில் புகுந்த வழக்கு வந்தது. காரியஸ்தர் "ஆடம்" என்று கூப்பிட்டார். நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பன்றிகள் மில்காரனுடையவை என்பது ஊருக்கே தெரியும். மில்காரன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். யாரோ பின்னாலிருந்து "ஹைஹை" என்று முனகவும் சபை சிரித்தது. அந்தச் சிரிப்பில் அபராதம் பன்றியே இல்லாத ஆடத்தின் தலையில் விழுந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்ததாக எழுந்து நின்றவள் எம்மட்.

அவளை அவனுக்குச் சிறுவயது முதல் தெரியும். உயரமானவள், முகம் நிறையத் தவிட்டு நிறப் புள்ளிகள், தீக்கொழுந்து போன்ற தலைமுடி. அப்பா இறந்தபிறகு நிலம் அவள் அண்ணன் ஹாட்ஜ் கைக்குப் போயிருந்தது. ஒற்றை அறை வீட்டில் அண்ணன், அண்ணி, பிள்ளைகள், ஒரு பசு. எம்மட் எங்கே உட்கார வேண்டும், கஞ்சியில் எத்தனை அகப்பை அவளுக்கு என்பதெல்லாம் அண்ணியின் கையில். அவளுக்கென்று இருந்தவை அப்பா சாகும்போது கொடுத்த கோடரியும் இரண்டு பெண்பன்றிகளும்தான்.

"என்னம்மா வேணும்?" என்றார் காரியஸ்தர்.

"ஓடைக்கு மேல, நரிக்கல் சரிவு இருக்குல்ல ஐயா. அதை எனக்கு விட்டுக் குடுங்க. திருத்திப் பயிர் வைக்கிறேன்."

"அங்க நரிகூடக் குடியிருக்க மாட்டேங்குதே. ஓக்கும் முள்ளும் இடுப்புயரப் பெரணியும். பிரபுவோட தாத்தா காலத்துலேர்ந்து கேட்க ஆளில்ல."

"அதனாலதான் கேக்கறேன். நல்ல நிலமா இருந்தா எனக்கா தருவீங்க?"

காரியஸ்தர் சிரித்துவிட்டார். ஆளில்லாத சரிவுக்குக் குத்தகை கட்ட ஒருத்தி வருகிறாள் என்றால் பிரபுவுக்கு நஷ்டமில்லை. கிறிஸ்துமஸுக்குக் கோழி கொண்டுவந்து கொடுக்க வேண்டும், குத்தகை தவறக்கூடாது என்று சொல்லிச் சம்மதித்தார். மில்கார ஆடம் சும்மா இருப்பானா? "யாரும்மா காட்டை உழப் போறது? உன் பன்னியா?" என்றான்.

"ஆமா, பன்னிதான். அதுங்களுக்கு யார் வயல், யார் காடுன்னு தெரியும். சில பேரோட பன்னி மாதிரி இல்ல."

சபை இந்தமுறை மில்காரனைப் பார்த்துச் சிரித்தது. தலைகுனிந்து நின்ற ஹைஹை ஆடம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

அவள் சொன்னதைச் செய்தாள். குளிர்காலம் முழுக்கச் சரிவில் கோடரிச் சத்தம் கேட்டது. பிர்ச் மரங்களையும் முட்புதர்களையும் தனியாகவே வெட்டிக் குவித்தாள். வெட்டிய இடத்தில் வேலி கட்டிப் பன்றிகளை விட்டாள். அவை மூக்கால் மண்ணைக் கிளறிப் பெரணிக் கிழங்குகளைத் தோண்டித் தின்று, கலப்பை போன இடம்போல ஆக்கிவைத்தன. காட்டை வெட்டித் திருத்திய துண்டு நிலத்துக்கு அந்தப் பள்ளத்தாக்கில் ராய்டு என்று பெயர். கீழே ஊரில் கிண்டலாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்: "எங்க போற?" "எம்மட் ராய்டுக்கு, அறுவடை பாக்க." சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். கிண்டல் தேய்ந்து, ஆடு தேடிப் போகிறவன்கூட "எம்மட்ராய்டு பக்கம் போச்சு" என்று சாதாரணமாகச் சொல்லும்படி ஆகிவிட்டது.

மிஞ்சியவை பெரிய ஓக் மரங்களின் அடிக்கட்டைகள். எம்மட் காரியஸ்தரிடம் போய் ஒரு பேரம் பேசினாள். நல்ல ஓக் மரமெல்லாம் பிரபுவின் கொட்டகைக்கு, பதிலுக்கு ஒரு ஜோடி மாடும் ஓட்ட ஓர் ஆளும் தனக்கு. அப்படித்தான் ஆடம், ப்ராக்கையும் அதன் ஜோடியையும் ஓட்டிக்கொண்டு சரிவேறினான்.

மேலே வந்து நின்றவனை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "வா ஆடம்."

வெறும் ஆடம் என்று அவனை யாரும் கூப்பிட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. "கீழ என்னை..." என்று இழுத்தான்.

"கீழ என்ன சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாதா? நானும் அந்த ஊர்க்காரிதான். கீழ நாலு ஆடம், அதான் வம்பு. இங்க எத்தனை ஆடம் இருக்கு, எண்ணிப் பாரு."

அவன் உண்மையாகவே சுற்றிப் பார்த்தான். பன்றிகள், மாடுகள், அடிக்கட்டைகள், இவள். "ஒண்ணுதான்."

"அப்புறமென்ன? ஆடம், சங்கிலியை எடு."

முதல் கட்டை அசைவேனா என்றது. சுற்றிலும் மண்ணைத் தோண்டி, வேர்களை வெட்டி, சங்கிலி போட்டு இழுத்தார்கள். மாடுகள் முழங்கால் மடிய இழுத்தன. ஆடமும் பக்கத்தில் நின்று சங்கிலியைப் பிடித்துப் பின்பக்கம் சாய்ந்தான். திடீரென்று வேர் முறிந்து கட்டை துள்ளி வந்தது. ஆடம் மல்லாந்து, சரிவில் உருண்டு, பன்றிகள் புரளும் சேற்றுக்குழியில் போய் உட்கார்ந்தான். பெரிய பன்றி வந்து அவன் காதை முகர்ந்துவிட்டு, பிடிக்காமல் திரும்பிப் போயிற்று.

எம்மட் சிரித்தாள். நின்று சிரித்து, முடியாமல் உட்கார்ந்து சிரித்தாள். ஆடம் வழக்கம்போல முகம் சுருங்கக் காத்திருந்தான். ஆனால் சுருங்கவில்லை. அவள் எழுந்து வந்து கைகொடுத்துத் தூக்கினாள். சேற்றுக்கை தன் பாவாடையில் பட்டதைக்கூடப் பார்க்காமல், "அந்தப் பன்னிக்கு உன்னைப் பிடிக்கலையே, பாவம்" என்றாள். அதைக் கேட்டு அவனுக்கும் சிரிப்பு வந்தது. அன்று மத்தியானம் ஓட்ஸ் ரொட்டியும் வெங்காயமும் பாலாடைக்கட்டியும் பகிர்ந்து தின்றுகொண்டு, கிடந்த கட்டையின்மேல் உட்கார்ந்து, கீழே பொம்மைபோலத் தெரிந்த ஊரைப் பார்த்தார்கள். அங்கிருந்து பார்க்க ஊர் நல்ல ஊராகத்தான் இருந்தது.

கட்டைகள் எல்லாம் வந்துவிட்டன. மாடு கொடுத்த கெடுவும் முடிந்தது. ஆடம் வருவது மட்டும் நிற்கவில்லை. வேலி கட்டுவதற்கு என்றான். கல் பொறுக்குவதற்கு என்றான். ஒருநாள் எந்தக் காரணமும் கிடைக்காமல், ப்ராக் இங்கே ஒரு மணியைத் தொலைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தான். ப்ராக்கின் கழுத்தில் என்றைக்கும் மணி கட்டியதில்லை.

எம்மட் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "ஆடம், உனக்கு இந்த ராய்டைப் பிடிச்சிருக்கா, என்னைப் பிடிச்சிருக்கா?"

அவன் நிதானமாக யோசித்தான். "ரெண்டையும் பிரிச்சு எடுக்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப எதுக்குக் கேக்கற?"

அவள் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டாள். "சாமியார்கிட்ட நீ போய்ச் சொல்றியா, நான் சொல்லட்டா?"

சாமியார் ஆலய வாசலில் வைத்து அவர்களுக்கு மணமுடித்தார். அவருக்கும் தன் பங்குக்கு ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. "முதல் ஆடம் பொண்ணு பேச்சைக் கேட்டுத் தோட்டத்தை விட்டு வெளிய வந்தான். நீ பொண்ணு பேச்சைக் கேட்டுத் தோட்டத்துக்குள்ள போற. எதுக்கும் ஆப்பிள் மரம் மட்டும் நடாதே" என்றார்.

கல்யாண விருந்துக்கு எம்மட்டே மால்ட் தானியத்தில் ஏல் மது காய்ச்சியிருந்தாள். குடித்தவர்கள் வாய்க்குப் பூட்டில்லை. கொல்லன் ஆடம் தோளில் கைபோட்டுச் சொன்னான்: "மாப்ளே, பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போய்ப் பாத்திருக்கேன். பையன் பன்னி மேய்க்க மாமியார் வீட்டுக்குப் போறதை இப்பதான் பாக்கறேன்."

"வீட்டோட மாப்பிள்ளை" என்றான் ரிச்சர்ட் மகன்.

"வீடு எங்கப்பா இருக்கு?" என்றான் மில்காரன். "காட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லு."

விருந்தே குலுங்கியது. ஆடம் தன் கோப்பையைப் பார்த்தபடி, "காடு குளிர்ச்சியாத்தான் இருக்கு" என்றான்.

அவர்கள் கல்லும் புல்லோடு வெட்டிய மண்கட்டியும் வைத்து ஒரு குடிசை கட்டினார்கள். முதல் பட்டம் ஓட்ஸ் போட்டார்கள். எத்தனையோ தலைமுறையாய் இலை விழுந்து மக்கிய மண் அது. கதிர் வந்தபோது எம்மட்டின் இடுப்புக்கு நின்றது. அறுவடைக்கு அண்ணன் ஹாட்ஜ் தானாக அரிவாள் எடுத்துக்கொண்டு வந்தான். அண்ணியும் வந்தாள். கதிரைக் கையில் உருவிப் பார்த்துவிட்டு, "எங்க வயல்ல இப்படி வரலையே" என்றாள். எம்மட் அவளுக்குக் கஞ்சி ஊற்றும்போது அகப்பையை நிறைய மொண்டு ஊற்றினாள். பிறகு இன்னொன்று.

அடுத்த சபையில் ஊருக்கு ஏல் சோதிக்கிறவனைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. யார் வீட்டில் விற்பனைக்கு ஏல் காய்ச்சினாலும் போய்க் குடித்துப் பார்த்து, நன்றாயிருக்கிறது, தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்கிற பதவி. நேர்மையானவனாக இருக்க வேண்டும், அக்கம்பக்கத்தில் பகை இல்லாதவனாக இருக்க வேண்டும். கொல்லன் எழுந்து, "ஆடத்தைப் போடலாம்" என்றான்.

காரியஸ்தரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர் இளைஞர், அந்த ஆண்டுதான் புதிதாக வந்தவர். "எந்த ஆடம்?" என்றார்.

ஹைஹை என்று சொல்லப் பல வாய்கள் திறந்தன. அதற்குள் மில்காரன் முந்திக்கொண்டான். பழைய கிண்டலைவிடப் புதியது இனிக்கும் அல்லவா? "எம்மட்ராய்டு ஆடம்" என்றான் பலமாக.

"எம்மட்ராய்டா? அது எந்த ஊர்?"

"ஊரா? அது இவன் பொண்டாட்டி, ஐயா."

சபை வெடித்தது. ரிச்சர்ட் மகன் பெஞ்சியைத் தட்டித் தட்டிச் சிரித்தான். எழுத்தர் ஒன்றும் புரியாமல் இறகுப்பேனாவைப் பிடித்துக்கொண்டு விழித்தார். ஆடத்தின் காது நுனிவரை சிவந்தது. அவன் பெண்கள் நின்ற பக்கம் திரும்பினான். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தவள் எம்மட். இடுப்பில் கட்டியிருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவனுக்கு ஒன்று உறைத்தது. இந்தச் சிரிப்பில் ஹைஹை இல்லை. அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. அது போய்விட்டது. அந்த இடத்தில் இவள் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அவன் எழுத்தரிடம் திரும்பி, "ஆமாங்க ஐயா. எம்மட்ராய்டு ஆடம். அதான் என் பேரு. அப்படியே எழுதிக்குங்க" என்றான்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. எழுத்தர் எழுதிக்கொண்டார்.

சரிவேறி வீட்டுக்குப் போகும் வழியில் எம்மட் கேட்டாள். "மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சா?"

"எதுக்கு?"

"பொண்டாட்டி பேரைச் சுமக்கிறவன்னு சொல்லுவாங்க."

ஆடம் நடந்துகொண்டே சொன்னான். "கொல்லனுக்கு அவன் சுத்தியல் பேர் குடுத்துச்சு. மில்காரனுக்கு அந்த ஓட்டை மில்லு குடுத்துச்சு. ரிச்சர்ட் மகனுக்குச் செத்துப்போன அப்பன் குடுத்தான். எனக்கு நீ குடுத்த. இதுல எது மட்டம்னு நீயே சொல்லு."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்களைப் போன்றவர்கள் வழியில் கைபிடித்துப் போகிற வழக்கமில்லை. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைத் தவிரப் பார்க்க யாருமில்லை.

ஏல் சோதிக்கும் வேலை அவனுக்குப் பொருந்தியது. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே ஒரு கோப்பை. கண்ணை மூடி, வாயில் வைத்து, மெதுவாக விழுங்குவான். "நல்லா இருக்கு" என்றால் அது நன்றாக இருந்தது என்று பொருள். தண்ணீராக இருந்தால், "இன்னும் கொஞ்சம் மால்ட் போட்டிருக்கலாமோ?" என்று அந்தப் பெண்ணின் காதில் மட்டும் படும்படி சொல்வான். அடுத்தமுறை சரியாக இருக்கும். ஒரே ஒரு வீட்டுக்குத்தான் அவன் பயந்து போனான். அது அவனுடைய வீடு. அங்கே "நல்லா இருக்கு" என்றால் எம்மட், "எவ்வளவு நல்லா?" என்று கேட்பாள்.

லாரன்ஸ் பிறந்தான். பிறகு சிசிலி. குடிசைக்குப் பக்கத்தில் நீண்ட கொட்டகை ஒன்று எழுந்தது. சரிவில் வேலிகள் மேலே மேலே போயின. மில்காரனுக்கு மட்டும் வாய் ஓயவில்லை. ஆடம் மாவரைக்க மூட்டையோடு வந்தால், "வாங்க, எம்மட் வீட்டுக்காரரே" என்று குனிந்து வணங்குவான். ஆடம் மூட்டையை இறக்கிவைத்து, "வந்துட்டேன்" என்பான்.

சிசிலி நடக்க ஆரம்பித்த கோடையில் மழை விடவே இல்லை. ஒருநாள் காலை, சாமியார் மணி அடிக்கிற நேரத்தில், ஓடை கரையை உடைத்தது. மில்லின் சக்கரம் ஒரு பக்கம் பிய்ந்து போனது. கொல்லனின் உலை அணைந்தது. வீடுகளில் முழங்காலளவு தண்ணீர். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் நிற்கக் காய்ந்த இடம் கிடையாது. ஊரே மாடும் ஆடும் குழந்தையும் மூட்டையுமாகச் சரிவேறிற்று. போவதற்கு வேறிடம் ஏது? எம்மட்ராய்டு ஒன்றுதான் உயரத்தில் இருந்தது.

எம்மட் கொட்டகைக் கதவை விரியத் திறந்து வைத்து அடுப்பை மூட்டினாள். ஆடம் வேலி வாசலில் நின்று கிழவர்களைக் கைபிடித்து ஏற்றிவிட்டான். கடைசியாக வந்தவன் மில்காரன். தோளில் நனைந்து கனத்த மாவு மூட்டை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

"என்னப்பா நிக்கற?"

"உள்ள வரலாமா?" என்றான் மில்காரன் தாழ்ந்த குரலில். "உன்னை நான் பேசின பேச்சுக்கு..."

"மழையில நின்னு அதையெல்லாம் சொல்லி முடிக்கணும்னா நீ கரைஞ்சு போயிடுவ. உள்ள வா."

தண்ணீர் வடியும்வரை ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. பெரிய பானையில் எம்மட் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சினாள். அவரவர் கொண்டுவந்த பட்டாணியும் உப்புக்கறியும் அதில் விழுந்தன. கொட்டகையில் வைக்கோலைப் பரப்பி வரிசையாகப் படுத்தார்கள். சாமியார் ஒரு மூலையில் பசுவுக்குப் பக்கத்தில் படுத்தார். மறுநாள் காலையில் எம்மட் வாசலில் நின்று, "ஆடம், விறகு" என்று கூப்பிட்டதும் நான்கு பேரும் எழுந்து வந்து நின்றார்கள்.

அவள் இடுப்பில் கைவைத்து நால்வரையும் பார்த்தாள். "இந்த ராய்டுல ஆடம்னா ஒருத்தன்தான். மத்தவங்க இங்க இருக்கறவரைக்கும் பேரை மாத்திக்கணும். நான் வைக்கிறேன்." கொல்லனைக் காட்டினாள். "நீ விடிய விடியக் குறட்டை. உன் பேரு துருத்தி." ரிச்சர்ட் மகன் பக்கம் திரும்பினாள். "பானையை வழிச்சது நீதானே? நீ அகப்பை." மில்காரனை யோசனையோடு பார்த்தாள். அவன் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டான். "நீ ஈரமூட்டை."

கொட்டகை அதிர்ந்தது. சாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மில்காரனும் சிரித்தான். சிரிக்கத் தொடங்கியதும் அவனால் நிறுத்த முடியவில்லை, தண்ணீர் பிய்த்த சக்கரத்துக்கும் சேர்த்து அவன் சிரித்தது போலிருந்தது. அன்று மழை நின்றது. பிறகு ஆண்களெல்லாம் சேர்ந்து முதலில் மில் சக்கரத்தைத்தான் நிமிர்த்தினார்கள். வேண்டிய ஓக் பலகையை ஆடம் கொடுத்தான். அதற்குப் பிறகு மில்காரன் "எம்மட்ராய்டு" என்று சொல்லும்போது கேட்கிறவனுக்கு அது வெறும் இடத்தின் பெயராக, நல்ல இடத்தின் பெயராக மட்டுமே கேட்டது.

லாரன்ஸ் வளர்ந்தான். அவனுக்கு மண்ணில் மனம் ஒட்டவில்லை. அம்மா நெய்கிற கம்பளித் துணியைத் தடவித் தடவிப் பார்ப்பான். பிரபுவிடம் அனுமதி வாங்கி, ஹாலிஃபாக்ஸில் துணி வியாபாரம் செய்த கில்பர்ட் என்பவரிடம் சேர்ந்தான். எம்மட் கண் கலங்கினாள். ஆடம், "ஒரு பகல் நடைதானே" என்றான். சொன்னவன்தான் அடுத்த வாரமே போய்ப் பார்த்துவரக் கிளம்பினான். எம்மட் பிடித்து நிறுத்தினாள்.

அடுத்த கோடையில், புனித யோவான் திருவிழாச் சந்தைக்கு இருவரும் போனார்கள். ஆலயத்தைச் சுற்றிக் கடைகள். துணிக் குவியல்கள், ஊசி விற்பவர்கள், குரங்கு வைத்திருப்பவன், தோல்பையை அக்குளில் அமுக்கிப் பைக்குழல் ஊதுகிறவன். கூட்டத்தின் நடுவில் யாரோ, "எம்மட்ராய்டு, இங்க வாப்பா" என்று உரக்கக் கூப்பிட்டார்கள்.

ஆடம் சட்டென்று திரும்பினான். கூப்பிட்டது அவனை அல்ல. ஒரு கடையின் பின்னாலிருந்து லாரன்ஸ் "இதோ வரேன்" என்று பதில் கொடுத்தான். கையில் நீலத் துணிச்சுருள். அப்பாவைப் பார்த்ததும் சுருளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

கில்பர்ட் வயிறு பெருத்த, முகம் மலர்ந்த மனிதர். இருவரையும் கடைக்குள் உட்காரவைத்து, சூடான இறைச்சி ரொட்டி வாங்கிவரச் செய்தார். எம்மட்டுக்கு நல்ல பசி. அவள் தின்னத் தொடங்கினாள்.

"உங்க பையன் கெட்டிக்காரன்" என்றார் கில்பர்ட் ஆடத்திடம். "இங்க லாரன்ஸ்னு கூப்பிட்டா எவனெவனோ வர்றான். அதனால ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடறோம். எம்மட்ராய்டு பெரிய ஊரோ?"

"ரொம்பப் பெரிசில்ல. நல்ல ஊர்."

"எம்மட்டுங்கறது யாரு? எங்கேயும் கேள்விப்படாத புனிதையா இருக்கே."

ஆடம் பக்கத்தில் பார்த்தான். எம்மட்டின் வாய் நிறைய ரொட்டி. "புனிதைன்னு சொல்ல முடியாதுங்க. கோபம் வரும்."

"அட. நீங்க பாத்திருக்கீங்களா?"

"தினமும்."

எம்மட் விழுங்கி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டாள். "நான்தாங்க" என்றாள்.

கில்பர்ட் ஒரு கணம் அவளையும் ஒரு கணம் லாரன்ஸையும் பார்த்தார். பிறகு எழுந்து, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். கழற்றியவர் அதோடு நிற்கவில்லை. கடைக்கு வெளியே போய், "இங்க வாங்கய்யா. எம்மட்ராய்டோட எம்மட்டே வந்திருக்காங்க" என்று சந்தைக்கே சொன்னார்.

பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அதில் ஒல்லியான ஒருவர், ஊசி விற்பவர், முன்னால் வந்து எம்மட்டை நிதானமாகப் பார்த்தார். "என் பேரு சட்க்ளிஃப்" என்றார். "தெற்குப் பாறைன்னு அர்த்தம். எங்க பாட்டனோட அப்பன் ஏதோ ஒரு பாறைக்குப் பக்கத்துலேர்ந்து கிளம்பி வந்தாராம். அது எந்தப் பாறைன்னே எனக்குத் தெரியாது. தெரிஞ்சு போய் நின்னாலும் பாறை என்னோட பேசவா போகுது?" ஆடத்தின் பக்கம் திரும்பினார். "உனக்கு உன் பேரு பக்கத்துல உக்காந்து ரொட்டி தின்னுது. குடுத்து வச்சவன்யா நீ."

ஆடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. இந்த ஹாலிஃபாக்ஸில் யாருக்கும் சரிவு தெரியாது, பன்றி தெரியாது, அடிக்கட்டை தெரியாது. எம்மட் யார் என்று தெரியாமலே இத்தனை பேர் நாள்தோறும் அவள் பெயரைச் சொல்லித் தன் மகனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். லாரன்ஸுக்குப் பிள்ளைகள் பிறந்தால் அவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. அதை அவளிடம் சொன்னான்.

"கூப்பிடட்டும்" என்றாள் எம்மட். "ஆனா ஒண்ணு. அதுங்க சேட்டை பண்ணினா திட்டும் என் பேர்லதானே விழும்."

வெளியே பைக்குழல்காரன் சுற்றாட்டத்துக்கு ஊதத் தொடங்கியிருந்தான். இளசுகள் கைகோத்து வட்டமாக நின்றார்கள். எம்மட் எழுந்து ஆடத்தின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் முழங்காலைக் காட்டி என்னவோ சொல்லப் பார்த்தான். அதற்குள் அவள் வட்டத்துக்குள் போய்விட்டாள். மறுகையில் ஊசிக்காரரையும் இழுத்துக்கொண்டாள். ஊசிக்காரர் ஒரு பக்கம் காலை வைத்தால் ஆடம் மறுபக்கம் வைத்தான். வட்டமே ஒருமுறை கோணிக்கொண்டு, மறுபடி நேரானது. லாரன்ஸ் கடைவாசலில் நின்று கைதட்டினான்.

சுற்று முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். குழல்காரன் அடுத்ததை ஆரம்பித்தான்.

"போதுமா?" என்றான் ஆடம்.

"இன்னொண்ணு" என்றாள் எம்மட்.